மின்சுழியும் தேர்ந்த செவியும்

முழுநிலாக் காலத்திலே மட்டக்களப்பு வாவியில் தோணியேறிச் சென்றோர்க்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கல்லடிப் பாலத்தை அண்மியதும் தோணிக்காரர் வலிப்பதை நிறுத்துவார். சவளின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறு முனையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கூட வந்தோரைக் கைகாட்டி அமர்த்துவார். "கேட்கிறதா?" என்பார். முதன்முறை வந்தவர் சவளை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, "ஒன்றும் கேட்கவில்லையே" என்பார். அலை தோணியில் மோதும் சலசலப்பும் பலகையின் முனகலும் கலந்த இரைச்சலே அவர் காதில் விழும். தோணிக்காரரோ அவ்விரைச்சலை விலக்கி, அதனுள்ளே நின்ற மெல்லிய இசையைக் கேட்டிருப்பார். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனந்து துரையவர்கள் அவ்வொலியைக் கேட்டு வியந்து எழுதிவைத்தார்கள். நம் சுவாமி விபுலாநந்த அடிகளார் அதனை நீரரமகளிர் இசையாக்கி யாழ்நூலிலே வைத்தார்கள். பாடுவது மீனோ ஊரியோ என்னும் வழக்கை இங்கே தீர்க்கப் புகுந்தோமல்லோம். சவள் ஒன்றே, செவிதான் வேறு என்பதை மட்டும் வாசகர் மனத்திற் கொள்வாராக.

நாம் சொல்லப் புகும் வரலாறும் அத்தகையதே. உலோகத்தினுள்ளே கண்ணுக்குப் புலப்படாது சுழலும் மின்னோட்டமொன்றை மனிதர் கண்டறிந்தனர். அதனைக் கேட்கும் கருவியைச் செய்தனர். கருவி செய்து நெடுங்காலஞ் சென்ற பின்னரே, அதனைக் கையாளத் தக்கவர் யார் என்று கேட்கத் தொடங்கினர். இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நம் வாவியின் மேற்கே, படுவான்கரை மண்ணிலும் நடந்தேறியது. அதனைப் பேசுவார் இங்கே குறைவு. ஆதலின் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

தொடக்கம் பிரான்சு தேசத்திலே. 1824ஆம் ஆண்டில் ஆரகோ என்னும் அறிஞர், ஆடிக்கொண்டிருக்கும் காந்த ஊசியொன்றின் கீழே செம்புத் தகடு இருப்பின் அவ்வூசி விரைவில் ஆட்டம் ஓய்வதைக் கண்டார். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை என்பது சிறுவரும் அறிந்தது. அவ்வாறிருக்க, செம்பு எவ்வாறு ஊசியைத் தடுத்தது? அவர் செம்புத் தட்டைச் சுழற்றிப் பார்த்தார். மேலே நின்ற ஊசியும் உடன் சுழன்றது. காரணம் அவர்க்கு விளங்கவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1831இல், இங்கிலாந்திலே மைக்கேல் பரடே அதனை விளக்கினார். காந்தப்புலம் மாறுமிடத்தில் உலோகத்தினுள் மின் எழுகின்றது. அம்மின் தானே வட்டமிட்டுச் சுழல்கின்றது. சுழலும் மின் தன்னை எழுப்பிய மாற்றத்தையே எதிர்க்கின்றது. 1855இல் பூக்கோ என்பார் காந்த முனைகளுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றி, சுழற்றுவது கடினமாவதையும் தட்டுச் சூடேறுவதையும் காட்டினார். ஆற்றுநீரில் எழும் சுழியைப் போன்றதாகையால் இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயராயிற்று. நாம் சுருக்கமாக மின்சுழி என்போம்.

மின்சுழியாற் குறை காண்பது எங்ஙனம்? நம் வீட்டுப் பெண்கள் சந்தையிலே பானை வாங்கும் முறையைப் பாருங்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார்கள். நல்ல பானை கணீரென்னும். கீறல் விழுந்தது பிசகிய ஒலி தரும். பானையை உடைக்காமலே அதன் உட்குறையை அறிந்துகொண்டார்கள். பொருளைச் சிதையாமற் சோதித்தல் என்று இன்று பெருந்துறையாய் வளர்ந்திருப்பதன் கருத்து முழுவதும் இதுவே. மின்சுழிச் சோதனையிலே தட்டும் விரலுக்குப் பதில் ஒரு கம்பிச் சுருள். அச்சுருளில் ஆடலோட்ட மின்னைச் செலுத்தி உலோகத்தின்மேற் பிடித்தால், உலோகத்தினுள் சுழிகள் எழும். குறையற்ற உலோகத்தில் அவை ஒழுங்காய்ச் சுழலும். மயிரிழை போன்றதொரு பிளவு குறுக்கிட்டால், வாய்க்காலிற் கட்டை விழுந்தாற் போல, அவை வளைந்து சுற்றிச் செல்லவேண்டியிருக்கும். அந்த வளைவு சுருளிலே எதிரொலிக்கும். முள் அசையும், அல்லது ஒலி மாறும். உலோகத்தைத் தொட வேண்டுவதுமில்லை, பூச்சைச் சுரண்ட வேண்டுவதுமில்லை.

1879இல் டேவிட் ஹியூஸ் என்பவர் இவ்வாறான சுருள்களை இரண்டிரண்டாய்ச் சமன்செய்து, நாணயங்களையும் உலோக வகைகளையும் வேறுபிரித்துக் காட்டினார். இரண்டாண்டுகளுக்குள் அக்கருவிக்கு ஒரு பெருஞ் சோதனை வந்தது. 1881 யூலை 2ஆந் திகதி அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். குண்டு உடலிற் தங்கிவிட்டது. எவ்விடமென்று வைத்தியர்க்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரஹம் பெல், தொலைபேசிச் செவிக்கருவியையும் சமன்செய்த சுருள்களையும் இணைத்து, குண்டிருக்குமிடத்தில் ஒலிக்கத்தக்க கருவியொன்றைச் செய்துகொண்டு நோயாளியிடம் சென்றார். கருவி நல்ல கருவிதான். முன்னரே பலவாறு சோதித்துப் பார்த்தே கொண்டுசென்றிருந்தார். ஆயினும் குண்டு அகப்படவில்லை. நோயாளி கிடந்த மெத்தையிலே உருக்குக் கம்பிச் சுருள்கள் இருந்தன. அவை எங்கும் ஒலி எழுப்பிக் குழப்பின. அதுவன்றித் தலைமை வைத்தியர் குண்டு வலப்புறத்திலேயே உண்டென்று முன்னரே முடிவுகட்டி, அப்புறத்தை மட்டுமே தேட இடங்கொடுத்தார். செப்டெம்பர் 19இல் கார்பீல்ட் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்புறத்தில் இருந்தது. எதனைத் தேடுகின்றோம், எங்கே தேடுகின்றோம், அருகில் வேறென்ன உலோகம் உண்டு என்னும் கேள்விகள் கேளாது நடந்த தேடல் அது.

இத்துறை தொழிற்சாலைக்கு வந்தது ஜேர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் பேர்ஸ்ரரின் உழைப்பினால். அவர் 1948இல் றொயிற்லிங்கன் நகரில் நிறுவிய கூடத்திலிருந்து மின்சுழிக் கருவிகள் உலகெங்கும் சென்றன. குழாய், கம்பி, ஆகாய விமானத்தின் தோல், கொதிகலம் என்று அவை புகாத இடமில்லை. கருவி பரவப் பரவ, அதன் வஞ்சகமும் வெளிப்பட்டது.

வஞ்சகம் என்பது வேறொன்றுமில்லை. இக்கருவி பிளவுக்கு மட்டும் அசைவதன்று, எல்லாவற்றுக்கும் அசையும். சோதனைத் தண்டை உலோகத்திலிருந்து சற்றே உயர்த்தினால் முள் அசையும். உலோகத்தின் ஓரத்தை அண்மினால் அசையும். கலப்பு விகிதம் மாறினால் அசையும். சூடேறினாலும் அசையும். மேலும், மின்சுழி உலோகத்தின் ஆழத்தே செல்வதில்லை. மீடிறன் கூடக் கூட மேற்றோலிலேயே நின்றுவிடும். செம்பிலே செக்கனுக்கு 50 முறை மாறும் மின் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அளவு செறிந்து செல்லும். செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை மாறுவதாயின் 0.07 மில்லிமீற்றர் அளவே. ஆகவே ஆழத்துப் பிளவைத் தேடுபவர் உயர் மீடிறனை வைத்துக்கொண்டு நாள் முழுதும் தேடினாலும், "குறையில்லை" என்றே எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் எழுதியது உண்மையுமன்று.

இரும்பின் கதை இன்னும் வேறு. காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்திலே மின்சுழி மேற்பரப்பளவில் முடங்கிவிடும்; அதன் காந்தத்தன்மை இடத்துக்கிடம் மாறுவதும் இரைச்சலாய்ச் சேரும். நம் கல்லடிப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1924இல் திறக்கப்பட்டு, அந்நாளைய தேசாதிபதியின் பாரியாரான மனிங் சீமாட்டியின் பெயர் தாங்கிய அவ்விரும்புப் பாலம், 2013இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை தொண்ணூறாண்டுக்கு அண்மித்த காலம் எழுவான்கரைப் பாதையின் பாரத்தையெல்லாம் சுமந்தது. உவர்க்காற்றில் நிற்கும் அத்தகைய இரும்புக்கு, ஒலியலையாலும் காந்தத் துகளாலும் செய்யும் சோதனைகளே பெரும்பாலும் பொருத்தமானவை. இரும்புச் சேர்ந்த உருக்குக் குழாய்களை மின்சுழியாலேயே சோதிக்கவேண்டி வந்தால் அதற்குத் தனி முறை வேண்டும். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தார் அத்தகைய குழாய்களுக்கென்று, தூரத்தே வைத்த வேறொரு சுருளாற் கேட்கும் முறையை வளர்த்தெடுத்தனர். தன் கருவி எங்கே செல்லாது என்பதையும் அறிந்தவரே தேர்ந்த சோதகர். விற்பனைக்கு வருவோர் இதனைச் சொல்வது அரிது.

அறியாமையும் அயர்வும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வோம். 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளிலே, ஹிலோவிலிருந்து ஹொனலுலு நோக்கிப் பறந்த அலோகா நிறுவனத்து போயிங் 737 விமானத்தின் கூரை, 24,000 அடி உயரத்தில் ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண்ணொருவர் வானில் வீசப்பட்டு மாண்டார். விமானி எப்படியோ தரையிறக்கினார். அவ்விமானம் உப்புக் காற்றிலே தீவுக்குத் தீவு தாவி 89,680 தடவை பறந்து இறங்கியது. தறையாணி வரிசையோரம் சிறு பிளவுகள் எழுந்து ஒன்றோடொன்று கூடிவிட்டன. கண்ணாற் பார்த்தலும் மின்சுழியும் ஆகிய இரு சோதனைகளும் விதிக்கப்பட்டே இருந்தன. விசாரணை செய்தோர், பராமரிப்புத் திட்டம் அச்சேதத்தைக் கண்டுகொள்ளத் தவறியதே காரணமென்றனர். அத்துடன் நில்லாது, சோதகரின் நிலையையும் எடுத்துரைத்தனர்: இரவு வேளை, உயரத்தே தொங்கும் பலகை, ஆயிரத்துக்கு மேற்பட்ட தறையாணிகள்; ஒன்றைப்போல மற்றொன்று. கண் திறந்திருக்கும், கருத்து உறங்கிவிடும். விமானத்தில் ஏறும்போது பயணியொருவர் அதன் தோலிலே ஒரு பிளவைக் கண்டாராம், எவர்க்கும் சொல்லவில்லை. கற்றோர் பார்த்திருப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும்.

மற்றையது நியூயோர்க்கை அடுத்த இந்தியன் பொயின்ற் அணுமின் நிலையத்திலே. 2000 பெப்ரவரி 15இல் அங்கே நீராவியாக்கியின் குழாயொன்று பிளந்தது. 1997இல் அக்குழாய்களை மின்சுழியாற் சோதித்திருந்தார்கள். அன்றைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, குழாயின் வளைவிலே குறையின் அடையாளம் இருந்தது தெரிந்தது. கருவி கேட்டிருக்கிறது, சொல்லியும் இருக்கிறது. இரைச்சலினுள் மறைந்துகிடந்த அச்சொல்லைப் பிரித்தறியத்தான் ஆளில்லாது போயிற்று. அமெரிக்க அணு ஒழுங்காணைக்குழு தன் தரவரிசையில் மிகக் கடுமையான சிவப்பு நிலையை அந்நிலையத்துக்கு விதித்தது. நீராவியாக்கிகளை முழுதாக மாற்றிய பின்னரே உலை மீண்டும் இயங்கியது.

இத்தகைய பாடங்களாலே சோதகரையும் சோதிக்கும் வழக்கம் வேரூன்றியது. இன்று ஐ.எஸ்.ஓ. 9712 என்னும் உலக நியமம் சோதகரை மூன்று படியாக வகுக்கின்றது. முதற்படியினர் எழுதித் தந்த முறைப்படி கருவியை நடத்தலாம். எந்த முறை வேண்டுமென்று தாமே தெரிவு செய்தல் ஆகாது. இரண்டாம் படியினர் விளைவுக்குப் பொருள் காணலாம். மூன்றாம் படியினர் முறையையே வகுக்கலாம். எழுத்துப் பரீட்சையும், குறை வைத்துச் செய்த மாதிரிகளிற் செய்முறைப் பரீட்சையும் உண்டு. கண் பார்வையை ஆண்டுதோறும் காட்டவேண்டும். தகைமைப் பத்திரம் ஐந்தாண்டுக்கே செல்லும். ஒருமுறை கற்றது ஆயுளுக்கும் போதுமென்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. நம் நாட்டில் இலங்கை அணுசக்திச் சபையின் கீழ்க் களனியில் இயங்கும் தேசிய நிலையம் இத்துறையிற் பயிற்சி தருகின்றது. விஞ்ஞானத்திலோ தொழினுட்பத்திலோ நாட்டமுள்ள நம் இளைஞர் அத்திசையையும் நோக்கலாம். வைத்தியம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களையே நாம் தட்டிக்கொண்டிருக்கின்றோம் என்னும் குறை நமக்குண்டு.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

பெல் தூக்கிச் சென்ற கருவியின் வழித்தோன்றலொன்று இரண்டாம் உலகப் போரிலே வேறு வேலைக்குப் புறப்பட்டது. தாயகத்தை இழந்து ஸ்கொத்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையினருள் யோசெப் கொசாட்ஸ்கி என்னும் அதிகாரி, 1941இல், ஒருவர் கையிலேந்தி நடக்கத்தக்க மிதிவெடி காட்டியைச் செய்தார். காப்புரிமை கேளாது பிரித்தானியப் படைக்கு வழங்கினார். 1942இல் எல் அலமெயின் பாலைநிலத்தில் அவற்றுள் 500 பயன்பட்டன. தட்டுப் போன்ற சுருள், நீண்ட தண்டு, காதிலே ஒலிக்கும் கருவி. பிளவைத் தேடும் சோதகர் உலோகத்தினுள் வெற்றிடத்தைத் தேடுகின்றார். மிதிவெடி தேடுபவர் மண்ணினுள் உலோகத்தைத் தேடுகின்றார். இருவர்க்கும் துணை மின்சுழியே.

அக்கருவி 2007ஐ அடுத்த ஆண்டுகளில் நம் பக்கத்து மண்ணில் ஒலித்தது. அவ்வாண்டின் முற்பகுதியிலே வாகரையிலும் படுவான்கரையிலும் நடந்த போரால் பல பல்லாயிரவர் வீடு வாசல் விட்டு வாவியைக் கடந்து வந்ததை இம்மலரின் பெரியோர் மறந்திரார். தத்தம் வீட்டுத் திண்ணையில் அவர்களை இருத்திச் சோறிட்டவர் பலர். போர் ஓய்ந்ததும் ஊர் திரும்ப எண்ணியோர் முன்னே நின்ற கேள்வி ஒன்றே: மண்ணில் என்ன இருக்கின்றது? போரிட்ட இரு தரப்பாரும் இந்நாட்டு மண்ணில் மிதிவெடி விதைத்திருந்தனர். பாகிஸ்தானிற் செய்த பி-4 என்பதும் உள்ளூரில் மரப்பெட்டியாற் செய்த ஜொனி என்பதும் அவற்றுட் சில. பி-4இன் கூடு பிளாத்திக்கு. உள்ளிருக்கும் வெடிமருந்து 30 கிராம் அளவே. அதிலுள்ள உலோகமோ ஒரு சிறு ஊசியும் சுருளும். அச்சிறு ஊசிக்குள் எழும் மின்சுழியைக் கேட்டே ஒரு மனிதனின் காலைக் காக்கவேண்டும்.

கேட்பது எளிதன்று. உவர்நிலம் தானே மின்னைக் கடத்தும். செம்புறை மண்ணில் உள்ள இரும்புச் சத்து தானே ஒலிக்கும். அதன் மேலே ஊரவரின் வாழ்க்கை முழுதும் மண்ணிற் கலந்து கிடக்கின்றது: ஆணி, தகரம், சோடாப் போத்தல் மூடி, வேலிக் கம்பி, சுட்ட தோட்டாவின் கூடு. ஒரு மிதிவெடிக்கு நூற்றுக்கணக்கான வீண் ஒலிகள் கேட்கும். அவ்வொலிகளுள் ஒன்றையேனும் "இது வெறும் ஆணிதான்" என்று ஊகித்து விடுதல் ஆகாது. ஒவ்வொன்றையும் மிதிவெடியென்றே கொண்டு, பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்ல மண்ணை அகற்றிப் பார்க்கவேண்டும். நூறாவது ஆணியையும் முதலாவதைப் போலவே எடுக்கவேண்டும். அலோகா விமானத்தின் தறையாணிகள் முன்னே நின்ற சோதகர்க்கு நேர்ந்த சோதனை இங்கும் அதுவே. அங்கே அயர்ந்தவர் வீட்டுக்குப் போனார். இங்கே அயர்ந்தவர் போக முடியாது.

ஆகவே விதிகள் கடுமையாயிருந்தன. பயிற்சியும் பரீட்சையும் முடித்தவர்க்கே கருவி கொடுக்கப்படும். காலையிலே வேலை தொடங்குமுன் மாதிரித் துண்டொன்றின்மேற் கருவியை நடத்தி, அது ஒலிப்பதைக் காதாற் கேட்ட பின்னரே பாதையில் இறங்கலாம். பாதை ஒரு மீற்றர் அகலம். சுருளை ஒருமுறை வீசிய இடத்தின் மேல் மறுமுறை சற்றே படியும்படி வீசவேண்டும்; இடையிலே விரலகலம் விடுபட்டாலும் விட்டது விட்டதுதான். குறித்த நேரம் வேலை, குறித்த நேரம் ஓய்வு. களைத்த செவிக்கு அங்கே இடமில்லை. ஒருவர் தேடி முடித்த நிலத்தை, அவரோடு தொடர்பற்ற வேறொருவர் வந்து மீளச் சோதிப்பார். படைத்தரப்பின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும், மாக் என்னும் பன்னாட்டு நிறுவனமும் இங்கே இவ்வேலையைச் செய்தன. முழங்காலிட்டு மண்ணைக் கிளறியவர்கள் பெரும்பாலும் இந்நாட்டு ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தோர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெண்களும் அவருட் பலர். பாலங்களுக்குத் தேசாதிபதியின் பாரியார் பெயரை வைக்கின்றோம். இவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் நாம் கண்டதில்லை.

2017ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டம், இலங்கையில் முதன்முதலாக மிதிவெடி நீங்கிய மாவட்டமென்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 13இல் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையிற் சேர்ந்தது. அதன்படி நாட்டின் நிலம் முழுவதையும் துப்புரவாக்க விதித்த தவணை 2028 யூன் 1. வடபகுதியிலே பெருவேலை எஞ்சி நின்றமையால் கருவிகளும் தேர்ந்த செவிகளும் அங்கே சென்றன. அறிவிப்பு வந்தமையால் எச்சரிக்கையைக் கைவிடலாமென்று எவரும் கருதற்க. காட்டோரத்திலோ குளக்கட்டிலோ ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால், தொடாது, வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிசாருக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவித்தல் வேண்டும்.

நிலத்தைக் கையளிக்கும்போது அதனோடு கோப்பொன்றும் செல்லும். துப்புரவு செய்த நிலத்தின் எல்லை எது, எவ்வளவு ஆழம் தேடப்பட்டது, எந்நாளில் முடிந்தது, மண்ணுள் என்ன அகப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். அந்நிலங்களிலே ஒரு மீற்றருக்கு ஒரு பாதையாய் வெள்ளைக் கயிறு கட்டி நின்ற இடத்தில், மழை பெய்ததும் வரம்பு கட்டி, இப்போது மாரி வேளாண்மை செய்கின்றார்கள்.